காயுஸ் சாவான், சரி, நானுமா? டால்ஸ்டாயைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

தர்க்கப் பாடப் புத்தகங்களில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. காயுஸ் ஒரு மனிதன். மனிதர் எல்லாரும் சாகிறவர்கள். ஆகவே காயுஸும் சாவான். ரஷ்ய எழுத்தாளர் லேவ் டால்ஸ்டாயின் கதை ஒன்றில், நோய்ப் படுக்கையில் கிடக்கும் 45 வயது நீதித்துறை அதிகாரி ஒருவர் இதை நினைத்துப் பார்க்கிறார். காயுஸைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தான் காயுஸ் இல்லையே! தான் வான்யா. அம்மா, அப்பா, அண்ணன் தம்பி, விளையாட்டுச் சாமான் என்று வளர்ந்த குட்டி வான்யா. அந்தக் கோடு போட்ட தோல் பந்தின் வாசனையில் வான்யா எப்படிக் கிறங்கிப் போவான் என்று காயுஸுக்குத் தெரியுமா? அம்மாவின் பட்டு உடை சரசரத்தது காயுஸின் காதிலா விழுந்தது?

டால்ஸ்டாயின் உலகத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. சாவு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். தனக்கு உண்டு என்பதுதான் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், சாவும் அப்படித்தான். புத்தியால் தெரிவதற்கும் உடம்போடு உணர்வதற்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரத்தைத்தான் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அளந்துகொண்டே இருந்தார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் டால்ஸ்டாய் வாழ்வைப் பற்றி என்ன சொன்னார், சாவைப் பற்றி, அன்பைப் பற்றி, உண்மையைப் பற்றி என்ன சொன்னார் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அவரிடம் அவை தனித்தனியாக இல்லை. அவர் எழுத்தெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. தான் சாகப்போகிறவன் என்று அறிந்த ஒருவன், தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளாமல் எப்படி வாழ்வது? இதில் சாவு இருக்கிறது, வாழ்வு இருக்கிறது, உண்மை இருக்கிறது. அன்பு, அவர் தேடிக் கண்ட பதில்.

இந்தக் கேள்வி அவருக்கு நூலகத்தில் கிடைத்ததல்ல. 1828இல் மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யாஸ்னயா போல்யானா என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். ஒன்பதாவது வயதில் அப்பாவும். மூத்த அண்ணன் நிக்கலாய்தான் சிறுவர்களின் தலைவன். உலகத்தில் எவரும் துன்பப்படாமல், சண்டையிடாமல், அன்போடு வாழ்வதற்கான ரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டிருக்கிறது, அது நம் காட்டில் ஓடையோரம் புதைந்திருக்கிறது என்று அவன் ஒருநாள் தம்பிகளிடம் சொன்னான். லேவுக்கு அப்போது ஐந்து வயது. 1860இல் அதே நிக்கலாய் காசநோய் முற்றி, பிரான்சின் தென்கரையில் தம்பியின் கைகளில் உயிர்விட்டான். அதற்கு நான்கு ஆண்டு முன்பு இன்னோர் அண்ணன் திமித்ரியும் அதே நோயில் போயிருந்தான். டால்ஸ்டாய் தன் உடலை அந்தப் பச்சைக் குச்சியின் இடத்தில் புதைக்கச் சொன்னார். இன்றும் அவர் அங்கேதான் இருக்கிறார். சிலுவை இல்லை, கல் இல்லை, பெயர் இல்லை. புல் முளைத்த ஒரு மண்மேடு மட்டும்.

1869இல், தமிழில் டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று மொழிபெயர்த்த அந்தப் பெரிய நாவல் எழுதி முடிந்திருந்தது. வயது 41. அன்பான மனைவி, ஆரோக்கியமான குழந்தைகள், நாடெங்கும் புகழ். பேன்சா மாகாணத்தில் ஒரு நிலம் மலிவாக விலைக்கு வருகிறது என்று பார்க்கப் புறப்பட்டவர், வழியில் அர்சமாஸ் என்ற ஊரில் இரவு தங்கினார். நள்ளிரவு தாண்டி விழித்தவரை இனம் தெரியாத பயம் ஒன்று கவ்விக்கொண்டது. அப்படி ஒரு வேதனையை இதற்குமுன் அனுபவித்ததே இல்லை என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அந்த இரவை ஒரு கதையாக்க முயன்றார், கடைசிவரை முடிக்கவில்லை. அந்தக் கதையில், வெள்ளையடித்த சதுரமான ஓர் அறையில் படுத்திருப்பவன் “எதற்காக இப்படிப் பயப்படுகிறேன்?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். “என்னைக் கண்டுதான். நான் இங்கே இருக்கிறேன்” என்று சாவு பதில் சொல்கிறது.

அடுத்த பத்தாண்டுகளில் ‘அன்னா கரேனினா’ வந்தது. அது முடிந்த கையோடு அவர் உடைந்தும் போனார். 1879இல் எழுதத் தொடங்கிய ‘ஒப்புதல் வாக்குமூலம்’ அந்த உடைவின் பதிவு. ரஷ்யத் தணிக்கை அதை வெளியிட விடவில்லை. சமாராவில் இவ்வளவு ஆயிரம் ஏக்கர் நிலம், முந்நூறு குதிரை, சரி, அப்புறம்? ஷேக்ஸ்பியரைவிடப் பெரிய புகழ். சரி, அதனால் என்ன? இந்த “அப்புறம் என்ன”வுக்கு அவரிடம் பதில் இல்லை. அறையில் தனியாக இருக்கும்போது தூக்கு மாட்டிக்கொண்டுவிடுவோமோ என்று கயிற்றை ஒளித்து வைத்தார். துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். வெளிப்பார்வைக்கு எல்லாம் இருந்த ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சிறு நூலைப் படிக்க வேண்டும்.

அதில் அவர் ஒரு கீழைநாட்டுக் கதையைச் சொல்கிறார். மிருகம் துரத்த ஓடிவந்த வழிப்போக்கன் ஒரு பாழ்கிணற்றுக்குள் இறங்குகிறான். அடியில் வாய்பிளந்த பூதப்பாம்பு. நடுவில் ஒரு செடியைப் பிடித்துத் தொங்குகிறான். கருப்பு எலி ஒன்றும் வெள்ளை எலி ஒன்றும் அந்தச் செடியின் தண்டைச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கின்றன. அப்போது இலையில் இரண்டு துளி தேன் தென்படுகிறது. நாக்கை நீட்டி நக்குகிறான். தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. சூளாமணியில் யானை துரத்த, பாம்பு வாழும் குழியில் தொங்கியபடி தேன்துளியை நக்குபவனாக வருகிறவன் இவனேதான். மானுடர் இன்பம் இவ்வளவுதான் என்று அந்தச் சமணக் காப்பியம் காட்டும். இந்திய மண்ணில் பிறந்த இந்த உவமை பல மொழிகள் கடந்து ரஷ்யாவரை போயிருக்கிறது.

ஆனால் டால்ஸ்டாய் அதில் சேர்த்தது ஒன்று உண்டு. தன்னுடைய இரண்டு தேன்துளிகள் எவை என்று பெயர் சொல்கிறார். ஒன்று குடும்பத்தின் மீதான அன்பு, மற்றொன்று எழுத்து. இவ்வளவு நாளும் கொடிய உண்மையிலிருந்து தன் பார்வையைத் திருப்பி வைத்திருந்தவை இவைதான், இப்போது இவையும் இனிக்கவில்லை என்கிறார். அதாவது அன்பும்கூட ஒரு மறைப்புத் துணியாக இருக்க முடியும். அன்பே எல்லாம் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டதாக நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டி வரவில்லை.

அந்தக் கிணற்றிலிருந்து அவரை மேலே இழுத்தவை தத்துவ நூல்கள் அல்ல. சாலமன், புத்தர், ஷோப்பன்ஹவர் என்று எல்லாரிடமும் போய்ப் பார்த்தார். எல்லாரும் கிணறு ஆழமானது என்றுதான் சொன்னார்கள். பிறகு தன் வட்டத்துக்கு வெளியே உழைத்துச் சாப்பிடும் குடியானவர்களைப் பார்த்தார். பஞ்சமும் நோயும் அவர்களுக்கு இவரைவிட அதிகம். ஆனாலும் வாழ்கிறார்கள், சாவு வரும்போது பெரும்பாலும் அமைதியாகப் போகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது? இந்தக் கேள்விதான் அவருடைய பிற்காலக் கதைகளில் உடல் கொண்டு நடமாடுகிறது.

அப்படி நடமாடும் ஒருவன் பெயர் கெராசிம். ‘இவான் இலியிச்சின் மரணம்’ 1886இல் வெளிவந்தது. தூலா நகரில் பணியாற்றி 1881இல் இறந்த ஒரு சட்ட அதிகாரியின் முடிவைக் கேள்விப்பட்டதிலிருந்து பிறந்த கதை. தொடக்கத்தில் பார்த்த காயுஸ் சிந்தனை இந்த இவான் இலியிச்சுடையதுதான். வான்யா என்பது இவானின் செல்லப் பெயர். பதவி உயர்வு, தகுதிக்கேற்ற கல்யாணம், சீட்டாட்டம், புது வீடு. அந்த வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று வேலைக்காரனுக்குக் காட்ட ஏணியில் ஏறியவர் தவறி, விலாவில் இடித்துக்கொள்கிறார். சின்ன அடி. அங்கிருந்து வலி வளர்கிறது. டால்ஸ்டாய் அந்த நோய்க்குப் பெயரே வைக்கவில்லை. மருத்துவர்களுக்கு அது சிறுநீரகமா, குடல்வாலா என்பது பிரச்சினை. இவான் இலியிச்சுக்கோ பிழைப்போமா இல்லையா என்பது மட்டும்.

அவரை வலியைவிட அதிகமாக வதைப்பது ஒரு பொய். அவர் சாகவில்லை, உடம்பு சரியில்லை அவ்வளவுதான், சொன்னபடி மருந்து சாப்பிட்டால் நன்றாகிவிடும் என்று வீடே நடிக்கிறது. நடிப்பதோடு நில்லாமல் அவரையும் நடிக்க வைக்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்று “ஒன்றுமில்லை, சரியாகிவிடும்” என்று நாமும் சொல்லியிருக்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் படுத்திருப்பவர் அந்த வார்த்தையைக் கேட்டதும் தன் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொள்கிறார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நாம் வெளியே வந்துவிடுகிறோம். இந்தக் கதையை முதல்முறை படித்தபின் என்னால் அந்த வாக்கியத்தைப் பழையபடி எளிதாகச் சொல்ல முடியவில்லை.

கெராசிம் அந்த வீட்டின் எடுபிடி ஆள், கிராமத்து இளைஞன். மலச்சட்டியை எடுத்துக் கொட்டுவது அவன் வேலை. முகம் சுளிக்காமல் செய்கிறான். கால்களை உயர்த்திப் பிடித்தால் வலி குறைகிறது என்றதும் எஜமானின் கால்களைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். ஏனப்பா இவ்வளவு சிரமம் என்று கேட்டால், எல்லாரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், கொஞ்சம் பாடுபட்டால் என்ன என்கிறான். அந்த வீட்டில் உண்மை பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அன்பு காட்டுகிறவனும் அவன் ஒருவன்தான். இது தற்செயல் இல்லை. டால்ஸ்டாயின் பார்வையில் இரண்டும் ஒரே செயல். “நீ சாகப்போகிறாய், நானும்தான்” என்று ஒத்துக்கொண்டவனால் மட்டுமே அருகில் உட்கார முடிகிறது.

கடைசி மணி நேரத்தில் இவான் இலியிச்சின் கை பள்ளிக்கூடம் போகும் மகனின் தலையில் படுகிறது. பையன் அதைப் பற்றி உதட்டில் வைத்து அழுகிறான். அப்பாவுக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. இவ்வளவு நாள் வெறுத்த மனைவிமேலும் வருகிறது. “மன்னித்துவிடு” என்று சொல்ல வருகிறார். நாக்குக் குழறி, ரஷ்ய மொழியில் அதை ஒத்து ஒலிக்கும் “வழி விடு” என்ற சொல் வருகிறது. திருத்த வலுவில்லை. பரவாயில்லை, புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். அதன்பின் தேடிப் பார்க்கிறார். சாவைப் பற்றிய பயம் இருந்த இடத்தில் இல்லை. அந்த இடத்தில் வெளிச்சம். இதை மதபோதனையாகப் படிக்க வேண்டியதில்லை. அவர் தன்னை விட்டுவிட்டு இன்னொருவரின் வலியைப் பார்த்த அந்தக் கணத்தில்தான் அது நடக்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

அன்பு என்றதும் ‘அன்னா கரேனினா’வின் அன்னா–வ்ரோன்ஸ்கி காதலை நினைப்பது இயல்பு. அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் வேறு. நாவல் முழுவதிலும் தலைப்புள்ள அத்தியாயம் ஒன்றே ஒன்று, தலைப்பு ‘மரணம்’. நாவலின் இன்னொரு நாயகனான லேவினின் அண்ணன் ஒரு மட்டமான விடுதியில் செத்துக்கொண்டிருக்கிறான். படித்தவனான லேவின் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறான். அவனுடைய இளம் மனைவி கிட்டி தத்துவம் எதுவும் யோசிக்கவில்லை. அறையைக் கூட்டச் சொல்கிறாள், படுக்கையைத் துவைத்த துணியால் விரிக்கிறாள், தலையணையைச் சரிசெய்கிறாள், மருத்துவருக்கு ஆளனுப்புகிறாள். சாவைப் பற்றி லேவினுக்கு ஆயிரம் சிந்தனை உண்டு, கிட்டிக்குச் சாவைத் தெரியும். டால்ஸ்டாய்க்கு அன்பு என்பது பெரும்பாலும் கைகளால் செய்யப்படும் வேலை.

‘போரும் வாழ்வும்’ நாவலில் காயம்பட்டுக் கிடக்கும் இளவரசன் ஆந்திரேய் அன்பே வாழ்வு என்றும், தான் புரிந்துகொண்ட எல்லாவற்றையும் நேசிப்பதால்தான் புரிந்துகொண்டதாகவும் நினைக்கிறான். அழகான எண்ணம். ஆனால் எண்ணம் என்ற அளவில் அது தனக்கே முழுதாகப் போதவில்லை என்றும் அவனுக்குத் தோன்றுகிறது. கால் நூற்றாண்டு கழித்து, 1895இல் வெளிவந்த ‘எஜமானும் ஆளும்’ என்ற நெடுங்கதையில் டால்ஸ்டாய் அந்த எண்ணத்துக்கு ஓர் உடம்பு கொடுத்தார்.

வாசிலி ஆந்திரேயிச் ஒரு வியாபாரி. பிறர் முந்திக்கொள்வதற்குள் ஒரு தோப்பை அடிமாட்டு விலைக்கு வளைத்துப்போட வேண்டும் என்று பனிப்புயலில் சறுக்குவண்டி கட்டிப் புறப்படுகிறார். கூட நிகிதா என்ற வேலையாள். மெல்லிய கந்தல் அங்கி. வழி தவறுகிறது. இருட்டிவிடுகிறது. எஜமான் தன் உயிரைக் காத்துக்கொள்ள ஆளை விட்டுவிட்டுக் குதிரையில் ஏறி ஓடுகிறார். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்து சேர்கிறார். நிகிதா விறைத்துக்கொண்டிருக்கிறான். அரை நிமிடம் சும்மா நிற்கிறார் வியாபாரி. பிறகு நல்ல பேரம் படிந்தால் கைமேல் கை தட்டுவாரே, அதே முடிவோடு சட்டைக் கையை மடக்கி, ஆள்மேல் இருந்த பனியைத் தள்ளி, தன் கம்பளிக் கோட்டைத் திறந்து அவன்மேல் குப்புறப் படுத்துவிடுகிறார். காலையில் அவர் பிணம். அடியில் கிடந்த நிகிதாவுக்கு மூன்று கால்விரல்கள் போயின, உயிர் போகவில்லை.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது அந்தப் பேர வழக்கம்தான். வாசிலி ஞானி ஆகிவிடவில்லை. வாழ்நாள் முழுக்கக் காசுக்குப் பயன்பட்ட அதே சுறுசுறுப்பு, அதே பெருமிதம், கடைசியில் இன்னொருவனைச் சூடாக வைத்திருக்கப் பயன்படுகிறது. நிகிதா உயிரோடு இருக்கிறான், அப்படியானால் நானும் இருக்கிறேன் என்று அவர் மகிழ்ச்சியோடு நினைக்கிறார். கிணற்றில் தொங்குபவனுக்கு டால்ஸ்டாய் கண்ட விடை இதற்கு மேல் இல்லை. “நான்” என்பதை இன்னோர் உயிர்வரை நீட்டினால், சாவு அந்த நீட்சியைத் தொடுவதில்லை.

இனி உண்மை. 26 வயதில் பீரங்கிப்படை அதிகாரியாகக் கிரிமியப் போரின் செவஸ்தபோல் முற்றுகையில் நின்றபோதே, 1855இல் எழுதிய ஒரு போர்க்களக் கதையின் முடிவில், என் கதையின் நாயகன் உண்மைதான் என்று அறிவித்தவர் அவர். தேசபக்தி முழக்கம் எதிர்பார்த்த நாட்டுக்கு, சாகப்போகும் வீரன் கடைசி நொடியில் தரவேண்டிய சில்லறைக் கடனை நினைப்பதை எழுதிக் காட்டினார். அவருடைய உண்மை பெரிய கோட்பாடு அல்ல. பழகிப்போன பெயர்களைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. ‘ஹோல்ஸ்தொமேர்’ கதையைச் சொல்வது ஒரு கிழட்டுக் குதிரை. மனிதர்கள் “என்னுடைய” என்ற சொல்லை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று அதற்குப் புரியவில்லை. என் வீடு என்கிறவன் அதில் குடியிருப்பதில்லை. என் நிலம் என்கிறவன் அதில் கால் வைத்ததில்லை. என் குதிரை என்று தன்னைச் சொன்னவன் ஒருநாளும் தீனி போடவில்லை. தீனி போட்டவன் வேறு. டால்ஸ்டாயைப் படித்து முடித்த பிறகும் இந்தக் குதிரையின் கண் நமக்குள் தங்கிவிடும்.

கிறிஸ்தவத் திருச்சபையையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். ‘புத்துயிர்ப்பு’ நாவலில் சிறைக்குள் நடக்கும் வழிபாட்டை அப்படி விவரித்தது கோபத்தைக் கிளறியது. 1901இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை அவரை விலக்கியது. முதலில் மன அமைதியைவிட என் சபையை அதிகம் நேசித்தேன், பிறகு சபையைவிடக் கிறிஸ்தவத்தை, இப்போது உலகில் எதையும்விட உண்மையை நேசிக்கிறேன் என்று அவர் பதில் எழுதினார்.

1908இல், இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு எழுதிய இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு அவர் அனுப்பிய பதில்தான் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’. அன்பின் சட்டத்தை விட்டுவிட்டு வன்முறையை ஏற்றதால்தான் இருபது கோடிப் பேர் ஒரு வணிகக் கம்பெனிக்கு அடிமையானார்கள் என்று அதில் வாதிடுகிறார். சான்றுக்கு அவர் எடுத்து வைக்கும் நூல்களில் ஒன்று திருக்குறள். ‘இன்னா செய்யாமை’ அதிகாரம். தீங்கு செய்தவரை அவர் நாணும்படி நன்மை செய்துவிடுவதே தண்டனை என்ற குறளும் அதில் உண்டு. அந்தக் கடிதத்தைக் காந்தி தென்னாப்பிரிக்காவில் வெளியிட்டார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே சத்தியாகிரகிகளுக்காகத் தொடங்கிய பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரை வைத்தார். அங்கே தங்கிச் சிறைசென்ற குடும்பங்களில் பல தமிழ்க் குடும்பங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் வீட்டைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையில்லை. 1862இல் 34 வயதில் 18 வயது சோஃபியாவை மணந்தபோது, தன் பழைய நாட்குறிப்புகளை அவளிடம் படிக்கக் கொடுத்தார். முன்னைய பெண் தொடர்புகள் எல்லாம் அதில் இருந்தன. ஒளிவுமறைவு வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவளுக்கு அது ஆறாத காயம். 13 குழந்தைகளைப் பெற்று, அவருடைய கைப்பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்த அந்தப் பெண்ணுக்கு, சொத்தையும் எழுத்துரிமையையும் துறப்பது என்ற அவருடைய பிற்கால உண்மை, பிள்ளைகளின் சோற்றில் கைவைப்பதாகத் தெரிந்தது. இருவரில் யார் பக்கமும் முழுதாக என்னால் நிற்க முடியவில்லை. யாரையும் நோகடிக்காத உண்மை ஒன்று உண்டா என்று அவருடைய நாவல்களிடம் கேட்டால் பதில் வரும்; அவருடைய வாழ்க்கையிடம் கேட்டால் வராது.

82 வயதில், 1910 நவம்பரில், ஒரு விடியற்காலை இருட்டில் மருத்துவரோடு வீட்டைவிட்டு வெளியேறினார். ரயிலில் காய்ச்சல் கண்டது. அஸ்தாபொவோ என்ற சின்ன நிலையத்தில் இறக்கி, நிலைய அதிகாரியின் வீட்டில் படுக்க வைத்தார்கள். சோஃபியா தனி ரயிலில் வந்து சேர்ந்தார். அவளைப் பார்த்தால் நோயாளியின் நெஞ்சு தாங்காது என்று பிள்ளைகளும் மருத்துவர்களும் முடிவெடுத்தார்கள். அவள் வந்திருப்பதையே அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சிறிய தலையணையை மட்டும் வாங்கித் தலைக்கு வைத்தார்கள். அடையாளம் கண்டுகொண்ட டால்ஸ்டாய் இது எப்படி வந்தது என்று கேட்டார். மகள் தாத்தியானா கொண்டுவந்தாள் என்றார்கள்.

வெளியே, ரயில் பெட்டியிலேயே தங்கியிருந்த சோஃபியா அந்த வீட்டின் ஜன்னல் கண்ணாடியில் முகம் பதித்து உள்ளே பார்த்தபடி நிற்கும் படங்கள் இருக்கின்றன. அவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள்.